ராடார் உணரி

ராடார் உணரி என்பது, ஊர்திகளின் வேகத்தை அளப்பதற்குப் போக்குவரத்துக் காவலர் பயன்படுத்தும் ராடார் கருவிகளிலிருந்து வெளிப்படும் நுண்ணலைகளை உணர்ந்து, ஓட்டுநருக்கு ஒலியாலும் ஒளியாலும் முன்னறிவிப்புத் தரும் சிறிய மின்னணுக் கருவி ஆகும். இது வேகத்தை அளப்பதில்லை. காவலரின் கருவியைத் தடுப்பதுமில்லை. வானொலிப் பெட்டியைப் போல, வரும் அலைகளை வாங்கி அறிவிப்பது மட்டுமே இதன் பணி. பொதுவாக மகிழுந்தின் முன்கண்ணாடியில் பொருத்தப்பட்டு, 12 வோல்ட் மின்செருகியிலிருந்து மின்னாற்றல் பெறுகிறது. ஐக்கிய அமெரிக்காவில் தோன்றிய இக்கருவி இன்றும் அங்கேயே மிகுதியாகப் பயன்படுத்தப்படுகிறது. வேறு பல நாடுகளில் இதைப் பயன்படுத்துவது குற்றம் ஆகும்.

வரலாறு

ஊர்திகளின் வேகத்தை ராடார் கொண்டு அளக்கும் முறை, இரண்டாம் உலகப் போர்க்கால ஆய்வுகளின் வழியே உருவானது. ஐக்கிய அமெரிக்காவின் கனெடிகட் மாநிலக் காவல்துறை 1947இல் கிளாஸ்டன்பரி நகரில் இதனைச் சோதித்துப் பார்த்தது. 1949 முதல் இதன் அளவீட்டைக் கொண்டு ஓட்டுநர்களுக்குத் தண்டச்சீட்டுகள் வழங்கப்பட்டன. தொடக்ககாலக் கருவிகள் 2.455 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கிய பெரிய பெட்டிகள். அவற்றைச் சாலையோரத்தில் நிறுத்தியே பயன்படுத்த முடிந்தது. பின்னர் 10.525 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் எக்ஸ் பட்டைக் கருவிகளும், 24.150 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் கே பட்டைக் கருவிகளும் வந்தன. கையில் பிடிக்கும் 'ராடார் துப்பாக்கி' கே பட்டைக் காலத்திலேயே பரவலானது.

ராடார் உணரிக்குப் பெருஞ்சந்தை உருவானதற்கு எண்ணெய் நெருக்கடியே காரணம் எனலாம். 1973இல் அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதியைத் தடை செய்ததைத் தொடர்ந்து, எரிபொருளைச் சேமிக்கும் நோக்குடன் நாடு முழுவதற்கும் மணிக்கு 55 மைல் (ஏறத்தாழ 89 கி.மீ.) என்ற வேக வரம்பை ஐக்கிய அமெரிக்கக் கூட்டரசு 1974இல் கொண்டுவந்தது. அதுவரை 70 மைல் வேகத்தில் சென்று பழகிய நெடுஞ்சாலைகளில் இவ்வரம்பை மதித்தவர்கள் குறைவு; காவல்துறையின் ராடார்களோ பெருகின. ஒகையோ மாநிலத்தைச் சேர்ந்த டேல் சிமித் உருவாக்கிய ஃபஸ்பஸ்டர் என்னும் உணரி இக்காலத்திலேயே புகழ்பெற்றது. 'ஃபஸ்' என்பது காவலரைக் குறிக்கும் கொச்சைச் சொல். நெடுந்தொலைவு சரக்குந்து ஓட்டுநர்கள், குடிமக்கள் பட்டை வானொலியுடன் இதனையும் தம் ஊர்திகளில் வைத்துக்கொண்டனர்.

ஃபஸ்பஸ்டர் போன்ற முதல் தலைமுறை உணரிகள் எளிய படிக இருமுனையம் கொண்டவை. அருகிலிருக்கும் வலுவான அலைகளையே உணரவல்லவை. மைக்கேல் வாலண்டைன், ஜிம் ஜேகர் என்னும் இரு பொறியாளர்கள் தொடங்கிய சின்சினாட்டி மைக்ரோவேவ் நிறுவனம் 1978இல் எஸ்கார்ட் என்ற உணரியை வெளியிட்டது. சூப்பர்ஹெட்டரோடைன் ஏற்பியைக் கொண்டிருந்ததால் இதன் உணர்திறன் பன்மடங்கு கூடியிருந்தது. இருவரும் 1983இல் பிரிந்தபின், வாலண்டைன் தனியே தொடங்கிய நிறுவனம் 1992இல் வாலண்டைன் ஒன் என்ற கருவியை வெளியிட்டது. முன்னும் பின்னும் நோக்கிய இரண்டு அலைவாங்கிகளைக் கொண்டு, அலை வரும் திசையை அம்புக்குறியால் காட்டியது இதன் சிறப்பு. அம்புக்குறி சிறிய வசதியாகத் தோன்றினாலும், உணரியின் வரலாற்றில் உணர்திறனுக்கு அடுத்த பெரிய முன்னேற்றம் இதுவே. 55 மைல் வரம்பு 1987இல் ஓரளவு தளர்த்தப்பட்டு, 1995இல் முற்றிலும் நீக்கப்பட்டது. ஆயினும் உணரிச் சந்தை மறையவில்லை.

காவல்துறை ராடாரின் நம்பகத்தன்மையே இக்காலத்தில் கேள்விக்குள்ளானது. 1979இல் மயாமித் தொலைக்காட்சி ஒன்று, ராடார் துப்பாக்கி ஒரு பனைவகை மரம் மணிக்கு 86 மைல் வேகத்திலும் ஒரு வீடு 28 மைல் வேகத்திலும் செல்வதாகக் காட்டியதை ஒளிபரப்பியது. அதே ஆண்டில் ஃபுளோரிடாவின் டேட் கவுண்டி நீதிமன்றம், ராடார் அளவீடு ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்படவில்லை எனத் தீர்ப்பளித்தது. இதன்பின் காவலர்க்கான பயிற்சிக்கும் கருவிகளின் தரத்திற்கும் கூடுதல் கவனம் செலுத்தப்பட்டது. ராடார் உணரியை வாங்குவோர் தம் செயலை நியாயப்படுத்த இன்றும் அம்மரத்தையும் வீட்டையும் எடுத்துக்காட்டுவதுண்டு.

செயற்படும் முறை

காவலரின் ராடார் டாப்ளர் விளைவின் அடிப்படையில் இயங்குகிறது. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண், அப்பொருளின் வேகத்திற்கேற்ப மாறுபடும். 24.150 கிகாஹெர்ட்ஸ் அலை, மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் நெருங்கிவரும் மகிழுந்தில் பட்டுத் திரும்பும்போது ஏறத்தாழ 4,470 ஹெர்ட்ஸ் கூடியிருக்கும். அனுப்பிய அலையையும் திரும்பிய அலையையும் ஒப்பிட்டு இவ்வேறுபாட்டைக் கருவி வேகமாக மாற்றிக் காட்டுகிறது. ராடார் சாலைக்குச் சாய்வாக நோக்கினால் உண்மை வேகத்தை அக்கோணத்தின் கொசைனால் பெருக்கிய அளவே தெரியும். 20 பாகைச் சாய்வில் 100 கி.மீ. வேகம் 94 கி.மீ. எனக் காட்டப்படும். நிற்கும் ராடாரைப் பொறுத்தவரை இப்பிழை ஓட்டுநருக்கே சாதகமானது.

ராடாரை விட உணரி முந்திக்கொள்வது எவ்வாறு என்பதற்கு எளிய விளக்கம் உண்டு. ராடார் அலை ஊர்தி வரை சென்று, அதில் பட்டுச் சிதறி, மீண்டும் காவலரிடம் வரவேண்டும். உணரிக்கோ ஒருவழிப் பயணமே போதும். தொலைவு இரு மடங்கானால் உணரியை அடையும் ஆற்றல் நான்கில் ஒரு பங்காகக் குறையும். காவலரின் கருவிக்குத் திரும்பும் ஆற்றலோ பதினாறில் ஒரு பங்காகிவிடும். எனவே, காவலரால் அளக்கமுடியாத தொலைவிலேயே உணரியால் அலையின் இருப்பை அறியமுடிகிறது. மேலும் ராடார் கற்றை குறுகியதன்று. 12 பாகை அகலமுள்ள கற்றை 300 மீட்டர் தொலைவில் 60 மீட்டருக்கு மேல் பரந்து, சாலையோரப் பலகைகளிலும் பாலங்களிலும் பிற ஊர்திகளிலும் பட்டுத் தெறிக்கிறது. வளைவுக்கு அப்பாலிருந்து வரும் இத்தெறிப்புகளையும் நல்ல உணரி பிடித்துவிடும்.

சூப்பர்ஹெட்டரோடைன் வகை உணரியில், கொம்பு வடிவ அலைவாங்கி ஒன்று நுண்ணலையைத் திரட்டுகிறது. கருவிக்குள்ளேயே இருக்கும் அலையியற்றி உண்டாக்கும் அலையுடன் அது கலக்கப்பட்டு, குறைந்த இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றப்பட்டு, பெருக்கி ஆராயப்படுகிறது. இரைச்சலிலிருந்து மெய்யான குறிகையைப் பிரிக்கும் பணியை எண்முறைச் செயலி செய்கிறது. இந்த அலையியற்றியின் அலை சிறிதளவு வெளியே கசிகிறது. கசிவைப் பிடித்து உணரி வைத்திருப்போரைக் கண்டறிய, 'உணரியின் உணரி' என்னும் கருவிகளைக் காவல்துறை பயன்படுத்துகிறது. விஜி-2 என்பது இவற்றுள் முன்னோடி. ஸ்பெக்டர் என்பது பின்னர் வந்து பல உணரிகளைக் காட்டிக்கொடுத்தது. உணரித் தயாரிப்பாளர்கள் கசிவைக் குறைத்தும் இடைநிலை அதிர்வெண்களை மாற்றியும் இதற்கு விடையளித்தனர்.

அலைப்பட்டைகள்

ஐக்கிய அமெரிக்காவில் மூன்று பட்டைகளே ஓட்டுநர் அறியவேண்டியவை. எக்ஸ் பட்டை (10.5 முதல் 10.55 கிகாஹெர்ட்ஸ்) ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. கடைகளின் தானியங்கிக் கதவுகள் இப்பட்டையில் இயங்குவதால், இதனை முழுதாக அணைத்துவைப்போரும் உளர். கே பட்டை (24.05 முதல் 24.25 கிகாஹெர்ட்ஸ்) இன்றும் காவல்துறைப் பயன்பாட்டில் உள்ளது, பொய் அறிவிப்புகளின் பெரும் ஊற்றும் இதுவே. கேஏ பட்டை (33.4 முதல் 36.0 கிகாஹெர்ட்ஸ்) மிக அகலமானது. எனினும் பெரும்பாலான காவல்துறைக் கருவிகள் 33.8, 34.7, 35.5 கிகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று இடங்களைச் சுற்றியே இயங்குகின்றன. சாலையில் இப்பட்டையைப் பயன்படுத்தும் வேறு கருவிகள் அரிது என்பதால், கேஏ அறிவிப்பைப் பொருட்படுத்தாமல் விடலாகாது. ஐரோப்பாவில் சில இடங்களில் 13.45 கிகாஹெர்ட்ஸில் கேயு பட்டையும் பயன்பட்டது.

ராடார் அணைந்திருக்கும் நேரத்தில் எந்த உணரியும் உதவாது. காவலர் கருவியை ஆயத்த நிலையில் வைத்திருந்து, ஊர்தி அருகில் வந்தபின் ஒரு நொடி மட்டும் அலையை அனுப்பி அளப்பதுண்டு. அப்பொழுது உணரி ஒலிப்பது, வேகம் அளந்து முடிக்கப்பட்டது என்னும் செய்தியே. முன்னால் செல்லும் வேறொரு ஊர்தியைக் காவலர் அளந்தால் மட்டுமே பின்வருவோருக்கு எச்சரிக்கை கிடைக்கும். வேகமாகச் செல்லும் முன்னூர்தியை அமெரிக்க ஓட்டுநர்கள் 'முயல்' என்று அழைக்கின்றனர். நொடியின் சிறு பகுதியே நீடிக்கும் 'பாப்' என்னும் முறையும் உண்டு. ஆனால் அவ்வளவீட்டைக் கொண்டு தண்டச்சீட்டு வழங்கக்கூடாது என்பது அம்முறையை உருவாக்கிய நிறுவனத்தின் அறிவுறுத்தலே ஆகும். 'பாப்' அறிவிப்பை இயக்கினால் பொய் அறிவிப்புகள் கூடுவதால் பெரும்பாலோர் அதனை அணைத்தே வைக்கின்றனர்.

சீரொளி வேகமானி

1980களின் இறுதியில் சீரொளி (லேசர்) வேகமானிகள் வந்தபோது ராடார் உணரிகளின் முதன்மை பெரிதும் குறைந்தது. இவை கண்ணுக்குப் புலப்படாத 904 அல்லது 905 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பிவரும் நேரத்தைக் கொண்டு தொலைவையும் வேகத்தையும் கணிக்கின்றன. கற்றை 300 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலமே இருக்கும். காவலர் ஒரே ஊர்தியின் எண்பலகையையோ முகப்பு விளக்கையோ குறிவைக்கிறார். ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் அளவீடு முடிந்துவிடும். தெறித்துப் பரவும் ஒளி மிகக் குறைவு. எனவே ராடார் உணரிகளில் உள்ள சீரொளி உணரும் வசதியை விற்பனை விளம்பரம் எவ்வளவு புகழ்ந்தாலும், அதன் அறிவிப்பு பெரும்பாலும் காலம் கடந்ததாகவே இருக்கும். சீரொளி மட்டுமே பயன்படும் ஊரில் வாழ்பவருக்கு விலையுயர்ந்த ராடார் உணரி வீண்செலவு.

விமானத்திலிருந்து நேரம் கணித்தல், காவல் ஊர்தி பின்தொடர்ந்து அளத்தல், இரு நிழற்படக் கருவிகளுக்கிடையே சராசரி வேகம் கணித்தல் ஆகியவற்றில் ராடார் அலையே இல்லாததால், அவற்றை உணரி அறியாது.

தேர்ந்தெடுத்தல்

உணரியை வாங்குமுன், அது பயன்படப்போகும் வட்டாரத்தில் காவல்துறை எப்பட்டையைப் பயன்படுத்துகிறது என்பதை அறிதல் முதற்பணி. விலையைப் பற்றிய எண்ணம் அதன் பின்னரே வரவேண்டும்.

உணரிகளை இரு பண்புகளால் மதிப்பிடலாம்: எவ்வளவு தொலைவிலிருந்து உணர்கிறது என்பது ஒன்று, தேவையற்றதை எவ்வளவு நன்றாக விலக்குகிறது என்பது மற்றொன்று. விளம்பரங்கள் முன்னதையே பேசுகின்றன. உண்மையில் நாள்தோறும் பயன்படுத்துபவரை அலுப்படையச் செய்வது பின்னதன் குறைபாடே. 2000களின் பிற்பகுதி முதல் மகிழுந்துகளில் பரவலான குருட்டுப்புள்ளி எச்சரிக்கைக் கருவிகளுள் பல, 24 கிகாஹெர்ட்ஸ் ராடாரைப் பயன்படுத்துகின்றன. அத்தகைய மகிழுந்து ஒன்று அருகில் சென்றாலே பழைய உணரி கே பட்டை எச்சரிக்கையை ஒலிக்கும். நாளொன்றுக்குப் பலமுறை பொய்யாக ஒலிக்கும் கருவியை ஓட்டுநர் விரைவில் கேளாமலாகிவிடுவார். பின் மெய்யான எச்சரிக்கையும் அவர் காதில் விழாது. ஆகையால் பழைய உணரியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவது பயனற்றது. 76 முதல் 81 கிகாஹெர்ட்ஸ் வரையான பட்டையில் இயங்கும் புதிய மகிழுந்து ராடார்கள் இத்தொல்லையைத் தருவதில்லை.

புவியிடங்காட்டி (ஜிபிஎஸ்) இணைந்த உணரிகள், நாளும் கடக்கும் கடைவாசலின் கதவு ராடாரை இடத்துடன் நினைவில் வைத்து, அடுத்தமுறை ஒலிக்காமல் இருக்கக் கற்றுக்கொள்கின்றன. குறைந்த வேகத்தில் செல்லும்போது தானே அமைதியாகும் வசதியும் இவற்றில் உண்டு. நகரத்தில் ஓட்டுபவருக்கு இவ்வசதி, கூடுதல் தொலைவை விட மதிப்புடையது. பெரும்பாலும் வெறிச்சோடிய நெடுஞ்சாலையில் செல்பவருக்கு நேர்மாறாக, உணர்திறனே முதன்மை. அங்கு முயலும் குறைவு; பொய் அலைகளும் குறைவு. திசை அம்புக்குறிகள் இரு சாராருக்கும் பயன்படும். அலை முன்னிருந்து பக்கத்திற்கும், பக்கத்திலிருந்து பின்னுக்கும் நகர்வதைக் கண்டால், ஆபத்து கடந்துவிட்டது என்று ஓட்டுநர் உடனே அறிந்துகொள்ளலாம்.

நிலைப்பொருளை இற்றைப்படுத்த முடியுமா என்பதையும் கேட்டறிய வேண்டும். மல்டாராடார் சிடி போன்ற குறைந்த ஆற்றல் கொண்ட புதிய நிழற்பட ராடார்களின் அலைவடிவை, அதற்கென உருவாக்கப்படாத உணரிகள் அறியா.

பொருத்துதலும் பயன்படுத்துதலும்

முன்கண்ணாடியின் மேற்பகுதியில், நிறச்சாய வரிக்குக் கீழே, சாலைக்குக் கிடையாக இருக்குமாறு உணரியைப் பொருத்துவதே சிறந்தது. உலோகப் பூச்சுள்ள கண்ணாடி நுண்ணலையைத் தடுக்கும். அத்தகைய மகிழுந்துகளில் கண்காணிப்புக் கண்ணாடியின் அருகே பூச்சில்லாத சிறு பகுதி விடப்பட்டிருந்தால் அங்கே பொருத்தலாம். துடைப்பானின் உலோகக் கை மறைக்கும் இடத்திலும், விபத்தின்போது காற்றுப்பை விரியும் வழியிலும் வைத்தல் கூடாது. கலிபோர்னியா, மின்னசோட்டா போன்ற மாநிலங்களில் முன்கண்ணாடியில் பொருள்களை ஒட்டுவதற்கே கட்டுப்பாடுகள் உண்டு என்பதால், அங்கு இடத்தேர்வு சட்டச் சிக்கலும் ஆகும். நிறுத்திய மகிழுந்தில் உணரியை வெளித்தெரிய விட்டுச்செல்வது திருடரை அழைப்பதற்கு ஒப்பாகும். கோடை வெயிலும் கருவியைக் கெடுக்கும்.

முதல் சில வாரங்கள் பழகிய சாலைகளில் ஓட்டி, ஒவ்வொரு பட்டைக்கும் உரிய ஒலியை வேறுபடுத்தி அறியப் பழகவேண்டும். மெல்லத் தொடங்கிப் படிப்படியாக வலுக்கும் ஒலி, தொடர்ந்து இயங்கும் ராடாரை நெருங்குவதைக் குறிக்கும். சட்டென்று முழு வலிமையுடன் எழும் கேஏ ஒலி, மிக அருகில் ஒரு ராடார் அப்போதுதான் இயக்கப்பட்டதைக் குறிக்கும். ஒருமுறை சிறிதாக ஒலித்து நின்றால், முன்னே யாரோ அளக்கப்பட்டிருக்கலாம். புதியவர்கள் பொய் ஒலி என்று ஒதுக்குவதும் பழகியவர்கள் மிக மதிப்பதும் இவ்வொலியையே.

ஒலி கேட்டவுடன் தடையை அழுத்தி மிதிப்பது பரவலான தவறு. மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் செல்லும் மகிழுந்து ஒரு நொடியில் 30 மீட்டர் கடக்கிறது. பின்னால் வருபவரிடம் உணரி இல்லை. அவருக்கு முன்னறிவிப்பும் இல்லை. திடீரென வேகத்தைக் குறைப்பவர் தண்டச்சீட்டிலிருந்து தப்பி மோதலில் சிக்கக்கூடும். முடுக்கியிலிருந்து காலை எடுத்து, கண்ணாடியில் பின்பக்கம் பார்த்து, பின்னரே தேவையான அளவு தடையைப் பயன்படுத்துவது முறை.

சட்ட நிலை

ஐக்கிய அமெரிக்காவில் தனியார் மகிழுந்துகளில் உணரி வைத்திருப்பது வர்ஜீனியா மாநிலத்திலும் தலைநகர் வாசிங்டன் டி.சி.யிலும் மட்டுமே தடைசெய்யப்பட்டுள்ளது. படைத்துறை வளாகங்களிலும் தடை உண்டு. மாநிலங்களுக்கிடையே ஓடும் பெரிய வணிகச் சரக்குந்துகளுக்குக் கூட்டரசு விதி நாடெங்கும் தடை விதிக்கிறது. வர்ஜீனியா வழியே பயணம் செய்வோர், மின்னிணைப்பைத் துண்டித்து, ஓட்டுநர் கைக்கு எட்டாத இடத்தில் உணரியை வைத்தால் குற்றமாகாது. முன்கண்ணாடியில் அணைத்த நிலையில் விட்டுவைப்பது போதாது.

கனடாவில் பிரிட்டிசு கொலம்பியா, ஆல்பர்ட்டா, சசுகாச்சுவான் ஆகிய மூன்று மாகாணங்கள் இதனை அனுமதிக்கின்றன. தமிழர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோ மாகாணத்தில், இயங்காத நிலையிலும் உணரியை ஊர்தியில் வைத்திருப்பது குற்றம். காவலர் அதனைப் பறிமுதல் செய்யலாம். நியூ யார்க் மாநிலத்திலோ மிசிகனிலோ சட்டப்படி வாங்கிய கருவி, எல்லைப் பாலத்தைக் கடந்ததும் சட்டவிரோதமாகிவிடுகிறது. டொராண்டோவுக்கு உறவினரைக் காண மகிழுந்தில் வருவோர் இதனைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

பிரான்சு, செருமனி, சுவிட்சர்லாந்து உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளிலும், ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களிலும் தடை நிலவுகிறது. ஐக்கிய இராச்சியத்தில் 1998இல் வழங்கப்பட்ட தீர்ப்புக்குப்பின் உணரி குற்றமாகக் கருதப்படுவதில்லை.

ராடார் அலையைக் குழப்பும் அலைத்தடுப்பான் முற்றிலும் வேறான கருவி. அது தானே அலையை அனுப்புவதால், ஐக்கிய அமெரிக்கா முழுவதும் கூட்டரசுச் சட்டப்படி குற்றம் ஆகும். சீரொளித் தடுப்பான்களை மாநிலங்களே ஒழுங்குபடுத்துகின்றன; கலிபோர்னியா, டெக்சாசு, வர்ஜீனியா போன்றவை அவற்றைத் தடைசெய்துள்ளன.

சாலைப் பாதுகாப்பு குறித்த விவாதம்

வேக வரம்பை மீறுவதற்கே உணரி உதவுகிறது என்பது தடையை ஆதரிப்போரின் வாதம். இதை மறுப்பது எளிதன்று. பெரும்பாலோர் உணரியை வாங்குவது மெதுவாகச் செல்வதற்காக அல்ல. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. ராடாரிலிருந்து தப்பியவர் இவ்விதியிலிருந்து தப்ப இயலாது. மறுபுறம், வேக வரம்பு திடீரெனக் குறையும் சிற்றூர்களில் வருவாய்க்காகவே தண்டம் வசூலிக்கப்படுவதாகவும், வானில் பரவும் அலையை வாங்குவதைத் தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்றும் உணரியை ஆதரிப்போர் கூறுகின்றனர். ஒலி கேட்டதும் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கிறார் என்பதை இரு தரப்பும் ஏற்கின்றன. ராடார் கடந்தபின் அவர் என்ன செய்கிறார் என்பதிலேயே வேறுபடுகின்றன.

இவ்வியல்பைச் சாலைப் பொறியாளர்கள் பயன்படுத்திக்கொண்டதும் உண்டு. சாலைப்பணி நடைபெறும் இடங்களில் காவலர் இல்லாமலே ராடார் அலையை மட்டும் அனுப்பும் கருவிகள் வைக்கப்பட்டன. உணரி வைத்திருப்போர் வேகத்தைக் குறைக்க, பின்வருவோரும் குறைக்க நேர்ந்தது. 1990களில் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வு நிறுவனம் இதனை விரிவாக்கி, 'முன்னே சாலைப்பணி', 'தொடர்வண்டி வருகிறது' போன்ற செய்திகளைக் கே பட்டையில் அனுப்பி உணரியின் திரையில் காட்டும் பாதுகாப்பு எச்சரிக்கை முறையை உருவாக்கியது. அது பரவலாக நிலைபெறவில்லை. வேசு போன்ற கைபேசிச் செயலிகளில் பயனர்களே காவலரின் இருப்பிடத்தையும் சாலைத் தடைகளையும் அறிவிக்கத் தொடங்கியபின், புதிய உணரிகள் அச்செயலிகளுக்குத் துணையாகவே பெரிதும் பயன்படுகின்றன.